ஊர் ஒருத்தியைச் சுட்டும்போது: வாய், கையெழுத்து, காசு

ஒருத்தியைச் செய்வினைக்காரி என்று ஊர்க்கூட்டத்தில் நிறுத்த மந்திரம் தேவையில்லை. ஊராரிடமிருந்து மூன்று கிடைத்தால் போதும். ‘ஆமா, நானும் கேள்விப்பட்டேன்’ என்று ஒரு வாய். தீர்மானத்தின் கீழே ஒரு கையெழுத்து. குறி சொல்லும் கோடாங்கியைக் கூட்டிவர தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று கொஞ்சம் காசு. இந்த மூன்றும் திரளாதவரை அது வெறும் பேச்சு. திரண்டுவிட்டால் தண்டம், ஊர்விலக்கு, அடி, சில இடங்களில் கொலை.

அதனால் இந்தக் குறிப்பு சுட்டப்பட்டவளுக்கு மட்டும் எழுதியதல்ல. அவள் பக்கத்து வீட்டுக்காரருக்கும், மளிகைக்கடை வைத்திருப்பவருக்கும், கூட்டத்தில் பின்வரிசையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்துத்தான். காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் சுற்றுவட்டார ஊர்களின் நடப்பை வைத்து எழுதியிருக்கிறோம்.

முதலில் பத்திரத்தைப் பாருங்கள்

பழி யார் மேல் விழும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். தனியாக இருப்பவள், கணவனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டவள், நாட்டு மருந்து கொடுப்பவள், எதிர்த்துப் பேசுகிறவள். செட்டிநாட்டில் இன்னொரு வகையும் உண்டு. ஒரு பெரிய வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள் இருப்பார்கள். பாதிப்பேர் சென்னையில், மீதிப்பேர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே ஒரு ஆச்சி விளக்கேற்றிக்கொண்டிருப்பார். வீட்டைப் பிரித்துத் தேக்குத் தூணையும் நிலையையும் விற்க வேண்டும் என்று ஒரு பங்கு நினைத்து, ‘நான் இருக்கிறவரை முடியாது’ என்று ஆச்சி சொல்லிவிட்டால், ‘அந்த வீட்டுல ராத்திரி என்னமோ பூசை நடக்குது’ என்ற பேச்சு கிளம்ப அதிக நாள் ஆகாது.

ஆகவே பேச்சு காதில் விழுந்த அன்றே ஒரு தாளில் மூன்றை எழுதுங்கள்: இதை முதலில் சொன்னது யார், அவருக்கும் இவளுக்கும் இடையில் வழக்கோ கடனோ வரப்புத் தகராறோ உண்டா, இவள் ஊரைவிட்டுப் போனால் எது யார் கைக்குப் போகும். இதைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். புகார் எழுதும்போது இதுதான் முதுகெலும்பு. உள்நோக்கம் இல்லாத இடங்களும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பழி சொல்லும்போது அங்கே இருப்பது துக்கம்தான், சூழ்ச்சியல்ல. அவளை எதிரியாக்காதீர்கள்.

சாவுக்குக் காரணம் கிடைத்தால் பாதிப் பழி இறங்கும்

ஆட்டுக்குட்டி வரிசையாகச் செத்தால், பிள்ளை ஒரே ராத்திரியில் போனால், பழி தொடங்குகிறது. அந்த முதல் நாளிலேயே காரணத்தைத் தேட வேண்டும். புதைத்த பிறகு தேடுவது பெரும்பாடு.

கட்டுவிரியன் கடியை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தரையில் பாய்விரித்துப் படுத்த பிள்ளையைத்தான் பெரும்பாலும் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றுவலி என்று எழும். இமை தானாகக் கீழே சரியும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, அப்புறம் மூச்சுத் திணறும். பார்ப்பவர்களுக்கு அப்படியே ‘காத்து அடிச்ச’ மாதிரி இருக்கும். இமை சரிந்ததைக் கண்டால் விபூதி போடுகிற இடத்துக்குக் கொண்டுபோகாமல் 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இறந்துவிட்டிருந்தால் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ‘கூறு போடுவாங்களே’ என்று தயங்குவார்கள். அந்த அறிக்கை இல்லாததால் இன்னொரு உயிர் போகக்கூடும் என்பதை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தனியாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

கால்நடைக்கு என்றால் 1962 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். மழைக்குப் பிறகு புதுப்புல் மேய்ந்த கொழுத்த ஆடுகள் திடீரென்று துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரியாக இருக்கலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு. காய்ந்து குறுகிய இளஞ்சோளப் பயிரைத் தின்ற மாடு சில நிமிடங்களிலேயே சாகலாம். அது பயிரில் இருக்கும் நஞ்சு. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்று சந்தேகப்படுங்கள், உடலை அறுக்கவே கூடாது, கால்நடை மருத்துவர் வரட்டும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சீட்டை பத்திரமாக வையுங்கள். கூட்டத்தில் நூறு வாதத்தைவிட அந்த ஒரு சீட்டு பேசும்.

தகடு எடுக்கிற வித்தை

‘இவள் கொல்லையில் செய்வினைத் தகடு புதைந்து மூணு வருசமாச்சு’ என்று சொல்லி, கோடாங்கி தோண்டி ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டுவான். தோண்ட விடாமல் இருப்பதே நல்லது. அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் அனுமதியில்லாமல் இறங்குவது அத்துமீறல். வீட்டுக்காரி ‘வேண்டாம்’ என்று நாலுபேர் கேட்கச் சொன்னாலே போதும். ஆனால் கூட்டம் உள்ளே புகுந்துவிட்டால், கவனிக்க வேண்டியவை சில.

பொட்டலம் பெரும்பாலும் மண்ணிலிருந்து வருவதில்லை, தோண்டுகிறவன் மடியிலிருந்தும் கையிலிருந்தும்தான் வருகிறது. அதனால் தோண்டுகிறவர் ஊர்க்காரராக இருக்கட்டும், மண்வெட்டி உங்களுடையதாக இருக்கட்டும், கோடாங்கி பத்தடி தள்ளி நிற்கட்டும் என்று கேளுங்கள். இந்த மூன்றையும் ஒத்துக்கொள்கிற கோடாங்கி அபூர்வம். எடுத்ததை உடனே வீடியோவில், நிறுத்தாமல், எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டி எடுங்கள். மூன்று வருடமாகப் புதைந்த செப்புத்தகடு கறுத்து, பச்சைப் பூத்திருக்க வேண்டும். பளபளவென்று இருந்தால் அது கடைத்தகடு. பருத்தித் துணியும் நூலும் ஈரமண்ணில் மாதங்களில் இற்றுப்போகும். எலுமிச்சம்பழம் மஞ்சளாக, முழுசாக இருந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டியதில்லை.

பழத்தை வெட்டினால் ரத்தம் வருவது, கத்தியில் முன்பே செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்ததால். புளிப்புச் சாறு பட்டதும் சிவக்கும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பதும் இதே ரகம், நம் ஆரத்தித் தட்டில் தினம் பார்ப்பதுதான். இதையெல்லாம் கூட்டத்துக்கு நடுவில் செய்துகாட்டி கோடாங்கியை அவமானப்படுத்தப் பார்க்காதீர்கள். ஒருவாரம் கழித்து பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டினால் அந்தச் செய்தி தானாக வீடு போய்ச் சேரும்.

கூட்டத்தில் வாய்

நல்லவர்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: ‘செய்வினையே கிடையாது, எல்லாம் மூடநம்பிக்கை’ என்று எழுந்து பேசுவது. அந்த நிமிடத்தில் பேச்சு அவளை விட்டு சாமி, நம்பிக்கை, படித்த திமிர் என்று திசைமாறும். அவளுக்காகப் பேச நினைத்த நாலுபேரும் வாயை மூடிக்கொள்வார்கள். செய்வினை உண்டா இல்லையா என்பதை அங்கே தொடவே வேண்டாம். இன்னார் செய்ததை யார் பார்த்தது என்பது மட்டும்தான் கேள்வி.

அதே அளவு கெடுதலான இன்னொன்று, ‘நாமளும் வேற கோடாங்கிகிட்டக் குறி கேட்போம், இவ இல்லைன்னு சொல்லட்டும்’ என்பது. அவன் இவள்தான் என்று சொல்லிவிட்டால் வாசல் அடைபட்டது. இல்லை என்று சொன்னாலும் பழி அடுத்த வீட்டுக்குத்தான் போகும்.

கூட்டத்துக்கு முந்தைய நாளே நாலைந்து பேரைத் தனித்தனியாகப் பாருங்கள். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடி அம்மா, கிராமச் செவிலியர், சுயஉதவிக் குழுத் தலைவி, வெளியூரில் வேலைபார்த்துத் திரும்பிய இளைஞர். ஒற்றைக் குரலை அமுக்குவது சுலபம். இரண்டாவது குரல் வந்ததும் கூட்டத்தின் சூடு இறங்கும். ஆகையால் முதலில் பேசப்போவது யார் என்பதைவிட, அடுத்து எழப்போவது யார் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லோரும் ஒன்றாக உட்காராதீர்கள், கட்சி கட்டி வந்ததாகத் தெரியும்.

பேச வேண்டிய அளவு மூன்று வாக்கியம். நாலாவது வாக்கியத்தில் கோபம் வரும். ஊர்த்தலைவரான அம்பலத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்:

‘அம்பலம், நான் கண்ணால பாத்ததைத்தான் சொல்வேன். அந்த அம்மா அப்படி எதையும் செஞ்சு நான் பாத்ததில்லை. யாராவது பாத்திருந்தா ஸ்டேஷன்ல எழுதிக்கொடுக்கட்டும், அங்க வந்து நானும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.’

உட்கார்ந்துவிடுங்கள். ‘அப்ப எங்களைப் பொய்யன்னு சொல்றியா?’ என்று யாராவது எழுந்தால், ‘இல்லண்ணே, நான் பாக்கலைன்னு சொல்றேன்’ என்பதோடு நிறுத்துங்கள். ‘என் பொண்டாட்டி கனவுல வந்து கழுத்தை நெரிச்சா’ என்பார்கள். கனவு கண்டவருக்கு ஆறுதல் சொல்லலாம். கனவை ஏட்டில் சாட்சியாக எழுத விடாதீர்கள்.

கூட்டத்தை நடத்தும் ஊர்ப் பெரியவருக்கு இறங்கிவர ஒரு படி வேண்டும். கூட்டம் தொடங்குமுன் அவர் வீட்டுத் திண்ணையில், நாலுபேர் இல்லாதபோது, மரியாதையாகச் சொல்லுங்கள்: ‘ஐயா, நாளைக்கு கேசு கீசுன்னு வந்தா முதல் பேரு உங்க பேராத்தான் இருக்கும்.’ இது மிரட்டல் இல்லை, உண்மை. கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம், அதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பல பெரியவர்கள் பயப்படுவது கூட்டத்துக்குத்தான். ‘போலீசு பாத்துக்கட்டும்’ என்று சொல்ல அவருக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் எடுத்துக்கொள்வார்.

சூடம் அணைத்துச் சத்தியம்

‘தப்புப் பண்ணலைன்னா கோயில்ல வந்து சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அவளே ‘பண்றேன், எனக்கென்ன பயம்’ என்று முன்வருவாள். தடுக்க வேண்டிய இடம் இதுதான். சத்தியம் செய்தால் பேச்சு முடியாது. நாள் எண்ணத் தொடங்குவார்கள். ஒரு மண்டலத்துக்குள் அவள் பேரனுக்குக் காய்ச்சல் வந்தால், மாடு ஈன்ற கன்று செத்தால், ஏன் அவளுக்கே சறுக்கிக் கால் பிசகினால், ‘பொய்ச்சத்தியம், சாமி கேட்டுருச்சு’. மறுத்தாலோ, ‘குற்றமுள்ள நெஞ்சு’. இரண்டு பக்கமும் பூட்டிய கதவு.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கம் சேலம் என்று ஒரு ஊர் உண்டு, நம் மாம்பழச் சேலம் இல்லை. அங்கே 1692-இல் நடந்த சூனிய விசாரணையிலும் இதே பூட்டுத்தான். ‘ஆம், நான் சூனியக்காரி’ என்று ஒப்புக்கொண்டு, இன்னும் நாலுபேர் பெயரைச் சொல்லி, அதில் கடைசிவரை நின்றவர்களைத் தூக்கிலிடவில்லை. பொய் சொல்லமாட்டேன் என்றவர்களைத் தூக்கிலிட்டார்கள்: 14 பெண்கள், 5 ஆண்கள். கைல்ஸ் கோரி என்ற கிழவர் குற்றம் செய்தேன் செய்யவில்லை என்று எதுவுமே சொல்ல மறுத்தார். மேலே கல்லை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். ‘அவள் உருவம் ஆவியாக வந்து கிள்ளியது’ என்ற சாட்சியை நீதிமன்றம் ஏற்றதுதான் அத்தனைக்கும் வேர். 1693-இல் புதிய நீதிமன்றம் அந்தச் சாட்சியை ஏற்க மறுத்ததும் பெரும்பாலானோர் விடுதலையானார்கள். கனவை ஏட்டில் எழுத விடாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

சூடத்துக்குப் பதில் அவள் சொல்ல வேண்டியதை முன்பே பழக்கிவிடுங்கள்: ‘நான் தினம் கும்புடுற சாமி. அதுகிட்ட எனக்குக் கணக்கு இல்லை. ஊருக்கு வேணும்னா கோர்ட்டுல சத்தியம் பண்றேன்.’ அவளால் பேச முடியாத நிலை என்றால் கூட்டத்துக்கே அனுப்ப வேண்டாம். ஊர்க்கூட்டம் அழைத்தால் வந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ‘மன்னிப்புக் கேட்டுக்க, முடிஞ்சுபோகும்’ என்று நலம்விரும்பிகள் சொல்வார்கள். கேட்ட மன்னிப்பு மறுநாள் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும்.

கையெழுத்து

வெற்றுத்தாளில் கையெழுத்தோ ரேகையோ எந்த நிலையிலும் வேண்டாம். கூட்டத் தீர்மான நோட்டில் ‘கலந்துகொண்டோர்’ என்று வாங்கி, மேலே ‘ஒருமனதாக’ என்று பிறகு எழுதிக்கொள்வது பழைய பழக்கம். போட்டே தீர வேண்டிய நெருக்கடி என்றால், பெயருக்கு மேல் உங்கள் கையாலேயே ‘வருகைக்கு மட்டும்’ என்று எழுதி, தேதியும் மணியும் போட்டு, கீழே மிச்சமுள்ள வெற்றிடத்தில் குறுக்குக்கோடு கிழித்துவிடுங்கள். செல்போனில் ஒரு படம்.

போலீஸ் விசாரணைக்கு இதற்கு நேர்மாறான ஒரு விதி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. விசாரணையில் நீங்கள் சாட்சியாகச் சொல்வதை எழுதிக்கொள்வார்கள், ஆனால் அதில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 181). பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும் (பிரிவு 179). ‘சாட்சி சொன்னா ஸ்டேஷனுக்கு அலையணும்’ என்ற பயத்தில் பின்வாங்கும் ஆத்தாமார்களுக்கு இதை முதலில் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்கும் வாக்குமூலம் வேறு. மிரட்டல் இருக்கிற ஊரில் அதைச் சீக்கிரம் கொடுத்துவிடுவது நல்லது, பிறகு சாட்சியைக் கலைத்துப் பயனில்லை என்று எதிர்த்தரப்புக்கும் தெரிந்துவிடும்.

காசும் ஊர்விலக்கும்

கோடாங்கிக்கு வசூல் வந்தால், ‘கோயில் திருவிழாவுக்கு எவ்வளவுன்னாலும் தாரேன், இதுக்கு இல்லை’ என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நோட்டில் சேர்த்து வசூலிப்பதும் நடக்கும். எதற்கு என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

அவளை விலக்குவதன் முதல் அடையாளம், அவள் தலைக்கட்டு வரியை வாங்க மறுப்பது. அதை அப்படியே விட்டால் ‘அவதான் குடுக்கலை’ என்றாகிவிடும். ஆகவே வரியை நேரில் ஒரு முறை நீட்டி, மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் ‘வரி கொடுத்தும் வாங்கவில்லை, எந்தக் கணக்கில் கட்டுவது என்று தெரிவிக்கவும்’ என ஒரு கடிதம். பதில் வராவிட்டாலும் அனுப்பிய சீட்டு போதும். கடைக்காரர்களுக்கு ஒன்று: ‘அவளுக்கு சாமான் குடுக்காதே’ என்று யார் எப்போது சொன்னார் என்பதை மட்டும் கடைநோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வையுங்கள், சாமானைக் கொடுத்துவிடுங்கள். கடையை எரிப்பேன் என்று மிரட்டுகிற நிலை வந்தால் வீம்பு வேண்டாம். நியாயவிலைக் கடையில் வாங்க அவளுடன் இருவர் துணைக்குப் போகட்டும்.

புகார்

அடி விழும் என்ற நிலையில் 112. பெண்களுக்கு 181-உம் உண்டு. எழுத்துப் புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், ‘எங்க எல்லை இல்லை’ என்று திருப்பக் கூடாது; மேலே சொன்ன நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173 அப்படித்தான் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிந்தால் அதன் நகல் இலவசம். மறுத்தால் புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

‘சூனியக்காரின்னு சொல்லி அவமானப்படுத்துறாங்க’ என்று மட்டும் எழுதினால் ‘பேசித் தீத்துக்கங்க’ என்று அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். நடந்த செயலை எழுதுங்கள்: வழிமறித்தது, அறையில் அடைத்தது, முடியைப் பிடித்து இழுத்தது, சேலையை உருவியது, கொன்றுவிடுவேன் என்ற சொல், மிரட்டி வாங்கிய தண்டப் பணம். ஒவ்வொன்றும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். சொன்ன வார்த்தையை வசவோடு அப்படியே எழுதுங்கள், நாகரிகப்படுத்த வேண்டாம். சுட்டப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவும் எதிர்த்தரப்பு அப்படி அல்லாதவராகவும் இருந்தால், சூனியம் செய்கிறாள் என்று சொல்லித் துன்புறுத்துவதையே பெயர்சொல்லிக் குற்றமாக்குகிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1)(இசட்.பி.), விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலை அதிகாரியாக இருக்க வேண்டும். பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் மாதிரி நமக்கு இதற்கென்று தனிச்சட்டம் இல்லை என்பதால்தான் செயல்களைப் பிரித்து எழுதுவது இங்கே அவ்வளவு முக்கியம்.

பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு, கூப்பிட வேண்டிய எண் 15100. வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல்பதிவை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்; அனுப்பினால் பரப்பியவர் பட்டியலில் நீங்களும் வருவீர்கள். வந்த போனை அப்படியே வையுங்கள், நீதிமன்றத்தில் அதற்குச் சான்றிதழ் இணைக்க வேண்டிவரும், மூலக் கருவி கையில் இருந்தால் சுலபம்.

சில நாள் வெளியூர் போக வேண்டி வந்தால்

உயிருக்கு ஆபத்து என்றால் போகத்தான் வேண்டும். ஆனால் ‘ஓடிப்போயிட்டா’ என்று ஆகாதபடி போக வேண்டும். கிளம்புமுன் காவல் நிலையத்துக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் ஒரே மாதிரிக் கடிதம்: பாதுகாப்புக்காகத் தற்காலிகமாக இன்ன இடத்தில் இருக்கிறேன், வீடும் நிலமும் என் அனுபவத்தில் உள்ளன. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று அறை அறையாக வீடியோ. பூட்டின் மேலேயும் ஒரு படம். கையோடு எடுத்துப்போக வேண்டியவை பத்திரம், பட்டா நகல், வீட்டுவரி ரசீது, மின்கட்டண ரசீது, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு. மின்கட்டணத்தையும் வீட்டுவரியையும் வெளியூரில் இருந்தாலும் அவர் பெயரிலேயே தவறாமல் கட்டி வாருங்கள்.

அவ்வப்போது வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், இணையத்திலேயே எடுக்கலாம். மிரட்டி எழுதி வாங்கிய விற்பனைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ அதில் தெரிந்தால், அதை ரத்து செய்ய விவரம் தெரிந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ‘ஊர் அடங்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்’ என்று அந்த மூன்று ஆண்டையும் கடத்திவிடாதீர்கள்.